கூரை எங்கே விட்டுப்போகிறது? – புயற்காற்றும் எளியோர் வீடும்



எளிய மக்களின் குடியிருப்பைப் பற்றி ஆண்டுதோறும் ஓர் உரை நிகழ வேண்டும் என்பது இந்த உரையை நடத்தும் அறக்கட்டளையை நிறுவியவர்களின் விருப்பம். வீட்டைப் பற்றிப் பேசினால் அடித்தளத்தைப் பேசுவோம், சுவரைப் பேசுவோம், பட்டாவைப் பேசுவோம். காற்றைப் பேசுவது அபூர்வம். கடலோரத்திலும் காவிரிப் படுகையிலும் ஒரு குடும்பம் வாழ்நாள் முழுவதும் சேர்த்ததை ஒரே இரவில் பறிப்பது பெரும்பாலும் காற்றுதான். ஆகவே இன்றைய உரைக்குக் காற்றையே எடுத்துக்கொண்டேன்.

1. உயிர் தப்பியது; வீடு?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் வீசிய அந்தக் காற்று நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் விடிவதற்குள் சாய்ந்து கிடந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. வேதாரண்யத்து உப்பளங்களைச் சேறு மூடியது. கூரை வீடுகள், ஓட்டு வீடுகள், ஷீட் வீடுகள் என்று லட்சக்கணக்கில் சேதமடைந்தன.

அந்த இரவில் உயிரிழந்தவர்களை நினைத்து வருந்துகிறோம். ஆனாலும் பழைய புயல்களோடு ஒப்பிடும்போது ஓர் உண்மை தெரிகிறது. 1977 நவம்பரில் ஆந்திராவின் திவிசீமாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலிலும் அதே அளவுக்கு உயிர்கள் போயின. 2019 மே 3 அன்று அதே ஒடிசாவில் பூரி அருகே ஃபானி கரையைக் கடந்தபோது இறப்பு நூறுக்குள் நின்றது. ரேடாரும் செயற்கைக்கோளும் புயல் பாதுகாப்பு மையங்களும் முன்கூட்டியே வெளியேற்றும் நிர்வாகமும் சேர்ந்து சாதித்த மாபெரும் மனிதநேயச் சாதனை அது.

ஆனால் முகாமுக்குப் போனவர்கள் திரும்பி வந்து பார்த்தது என்ன? கூரை இல்லாத நான்கு சுவர்கள். ஃபானியிலும் கஜாவிலும் வீட்டுச் சேதம் லட்சக்கணக்கில்தான் இருந்தது. மனிதரை வீட்டை விட்டு அழைத்துச் செல்லக் கற்றுக்கொண்டோம். அவர் விட்டுச் சென்ற வீட்டை நிற்க வைக்க இன்னும் முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை. கூரை போனால் போவது கூரை மட்டும் அல்ல. பின்னாலேயே மழை இறங்குகிறது. மூட்டையில் இருந்த நெல்லும் அரிசியும் நனைகின்றன. பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், நிலப் பத்திரம், ரேஷன் அட்டை, தையல் இயந்திரம், தொலைக்காட்சிப் பெட்டி எல்லாம் பாழாகின்றன. மண்சுவராக இருந்தால் மழையில் ஊறி மறுநாள் அதுவும் சரிகிறது. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்தை அந்த ஒரு கூரை பத்து ஆண்டு பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

இன்று நான் வலியுறுத்த வந்தது ஒன்றே ஒன்று. புயலில் வீடு பொதுவாக முழுவதுமாக நொறுங்கி விழுவதில்லை. ஏதோ ஒரு மூட்டில் விட்டுப்போகிறது. அந்த மூட்டை நாம் கண்டுபிடிக்க முடியும், சிறு செலவில் வலுப்படுத்தவும் முடியும். அதைச் செய்யாமல் விடுவதற்கு நமக்கு எந்த நியாயமும் இல்லை.

2. காற்றின் கணக்கு

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது வீட்டின் மேல் செலுத்தும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. வேகம் மூன்று மடங்கானால் அழுத்தம் ஒன்பது மடங்கு. நம் நாட்டில் கட்டடங்களின் காற்றுச் சுமையைக் கணக்கிடுவதற்கான இந்தியத் தர நியமம் ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதி. 1987இல் வந்தது, 2015இல் திருத்தப்பட்டது. அதில் உள்ள சூத்திரம் எளியது. வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று காற்றின் வேகத்தை எழுதி, அதை அதனாலேயே பெருக்கி, மீண்டும் 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டன் கணக்கில் வந்துவிடும்.

கிலோ கணக்குக்கு மாற்றிச் சொல்கிறேன். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 17 கிலோ. 120 கி.மீ. வேகத்தில் சுமார் 68 கிலோ. 180 கி.மீ. வேகத்தில் சுமார் 153 கிலோ. சாதாரண ஆடிக் காற்றைத் தாங்கிய கூரை புயலையும் தாங்கும் என்று நம்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்த மூன்று எண்களும் காட்டிவிடும். இருபது வருடம் நின்ற வீடு என்பது இருபது வருடம் சிறு காற்றைக் கண்ட வீடு என்றும் இருக்கலாம்.

வானிலை அறிக்கை கேட்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'மணிக்கு 100 முதல் 110 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 120 கி.மீ. வேகத்திலும்' என்று சொல்வார்கள். முதல் இரண்டு எண்களும் சில நிமிட நேரத்துச் சராசரி. கடைசியாகச் சொல்லப்படுவது சில வினாடிகளே நீடிக்கும் வீச்சின் வேகம். கூரையைப் பிடுங்குவது அந்தச் சில வினாடி வீச்சுதான். அதனால்தான் நம் நியமமும் மூன்று வினாடி வீச்சையே அடிப்படையாக வைத்திருக்கிறது. திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், 50 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்க வீச்சு எவ்வளவு என்று அது நாட்டை ஆறு மண்டலங்களாகப் பிரிக்கிறது. வினாடிக்கு 33 மீட்டரில் தொடங்கி 55 மீட்டர் வரை. சென்னைக்கு 50, திருச்சிக்கு 47, மதுரைக்கும் கோவைக்கும் 39. மணிக் கணக்கில் பார்த்தால் சென்னையில் கட்டும் வீட்டுக்கு 180 கி.மீ. வேக வீச்சை எண்ணிப் பார்க்க வேண்டும். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் புயல் தாக்கும் கிழக்குக் கடற்கரையில் 60 கி.மீ. அகலத்துக்கு உள்ள நிலப்பகுதிக்குக் கூடுதல் பாதுகாப்புப் பெருக்கெண்ணையும் சேர்த்தது. மருத்துவமனை, புயல் பாதுகாப்பு மையம் போல, புயலுக்குப் பின் இயங்கியே தீரவேண்டிய கட்டடங்களுக்கு அது 1.3.

இந்த எண்களெல்லாம் வரைபடம் போட்டுக் கட்டும் பெரிய கட்டடங்களுக்குள் மட்டும் அடங்கிவிட்டன. வேதாரண்யத்தில் ஷீட் போடும் வெல்டரிடமோ, கோடியக்கரையில் கூரை வேயும் முதியவரிடமோ இவை போய்ச் சேரவில்லை.

3. அமுக்குவதில்லை, தூக்குகிறது

காற்று வீட்டைத் தள்ளும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எதிரில் உள்ள சுவரைத் தள்ளுகிறது என்பது உண்மை. ஆனால் பெரும் சேதத்துக்குக் காரணம் மேல்நோக்கி இழுக்கும் விசை. எதிர்ச்சுவரில் மோதிய காற்று மேலேறிக் கூரையின் விளிம்பைத் தாண்டும்போது கூரைப் பரப்பை விட்டு விலகி வேகமெடுக்கிறது. அந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. வீட்டுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தமோ குறையவில்லை. ஆகவே கூரை மேலே உறிஞ்சப்படுகிறது. பெருங்காற்றில் குடை தலைகீழாக மடங்குவதை நினைத்துப் பாருங்கள். கூரைக்கும் நேர்வது அதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். காற்று வரும் பக்கத்தில் 10 அடிக்கு 12 அடி அளவில் ஒரு சிமெண்ட் ஷீட் கூரை, சரிவு மிகக் குறைவு, கதவும் சன்னலும் மூடியிருக்கின்றன. மணிக்கு 120 கி.மீ. வீச்சில் அந்தக் கூரையை மேலே தூக்கும் விசை ஏறத்தாழ முக்கால் டன். அதே கூரையில் உள்ள ஷீட்டுகளின் எடை இருநூறு கிலோவைத் தாண்டாது. மீதி ஐந்நூறு, அறுநூறு கிலோவை யார் பிடித்துக்கொள்கிறார்கள்? ஷீட்டையும் சட்டத்தையும் இணைக்கும் சில கொக்கிகள். அவ்வளவுதான் அந்தக் குடும்பத்துக்கும் வானத்துக்கும் நடுவில் உள்ள பாதுகாப்பு.

தகரமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தகரத்தின் எடை சிமெண்ட் ஷீட்டின் எடையில் பாதிகூட இல்லை. கான்கிரீட் கூரையோ ஐந்து அங்குலத் தடிமனில் சதுர மீட்டருக்கு முந்நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். தன் எடையாலேயே அது காற்றை வென்றுவிடுகிறது. கூரை வீடுகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் அரசுத் திட்டங்கள் எவ்வளவு அவசியமானவை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. ஆனால் கான்கிரீட் வீடு கிடைத்த பிறகும் முன்பக்கம் ஷீட் இறக்கித் திண்ணை போடுகிறோம், மாடியில் தகரக் கொட்டகை போடுகிறோம். அவை பறந்தால் பக்கத்து வீட்டைத் தாக்கும். ஆகவே ஷீட்டின் கணக்கு எல்லோருக்கும் தேவை.

கூரை முழுவதும் ஒரே அளவில் இழுக்கப்படுவதும் இல்லை. விளிம்புகளிலும் மூலைகளிலும் முகட்டிலும் காற்று சுழன்று கிழிக்கும்போது, நடுப்பகுதியில் உள்ளதைப்போல் இரண்டு மடங்கு விசை அங்கே விழும். முதலில் மூலை ஷீட் எழும்பும். அது போனதும் பக்கத்து ஷீட்டின் விளிம்பு வெளியில் தெரியும், அடுத்து அது. விளிம்பில் நான்கு கொக்கி கூடுதலாகப் போட்டிருந்தால் முழுக் கூரையும் நின்றிருக்கும் என்பது இதனால்தான். நம் ஊரில் நடப்பது இதற்கு நேர்மாறு. கொக்கி குறைந்துபோனால் விளிம்பில்தான் விடுகிறோம்.

சரிவும் முக்கியம். இந்திய நியமத்தின் அட்டவணை சொல்வதைக் கேளுங்கள். தாழ்ந்த வீட்டில் கூரையின் சரிவு 10 பாகையாக இருந்தால், காற்றை எதிர்நோக்கும் பக்கம் காற்றழுத்தத்தைப்போல் 1.2 மடங்கு மேலே இழுக்கப்படுகிறது. 20 பாகையில் அது 0.4 மடங்காகக் குறைகிறது. 30 பாகையில் அந்தப் பக்கத்து இழுவிசை ஏறத்தாழ மறைந்தே போகிறது. நம் பாட்டன்மார் கீற்றுக் கூரையைச் செங்குத்தாக வேய்ந்தது மழைநீர் வடிவதற்காக. காற்றுக்கும் அது தோதாக அமைந்தது. ஷீட் வந்ததும் இரும்பை மிச்சப்படுத்தக் கூரையைப் படுக்க வைத்தோம். மிச்சப்படுத்திய இரும்பின் விலையைவிடப் பல மடங்கு இழக்கிறோம்.

4. கதவு உடையும் நொடி

புயல் இரவில் ஒரு வீட்டின் கதி பல நேரம் ஒரே நொடியில் முடிவாகிறது. காற்று வரும் பக்கத்துக் கதவோ சன்னலோ உடைந்து திறந்துகொள்ளும் நொடி அது. அதுவரை வெளியே நின்ற காற்று உள்ளே பாய்ந்து கூரையைக் கீழிருந்து முட்டுகிறது. மேலிருந்து உறிஞ்சல், கீழிருந்து முட்டல், இரண்டும் சேர்கின்றன. சற்றுமுன் சொன்ன கணக்கில் முக்கால் டன்னாக இருந்த விசை அந்த நொடியில் ஒரு டன்னைத் தாண்டிவிடும். எதிர்ப்பக்கத்துச் சுவர்கள் வெளியே தள்ளப்படும்.

'உள்ளே அழுத்தம் சேராமல் இருக்கக் கதவைத் திறந்து வையுங்கள்' என்று சிலர் அறிவுரை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். புயல் நேரத்தில் கதவு, சன்னல் அத்தனையும் மூடித் தாழிட்டு, முடிந்தால் குறுக்கே கட்டை கொடுத்துக் கட்டுங்கள். கண்ணாடி சன்னலுக்கு வெளியே பலகை அடியுங்கள். கதவின் கீல், தாழ்ப்பாள், நிலை ஆகியவற்றைப் பலப்படுத்துவதும் கூரையைப் பலப்படுத்தும் வேலைதான்.

இன்னொன்றும் உண்டு. புயலின் மையம் நேராக ஊரைக் கடந்தால் நடுவில் காற்று ஓய்ந்துபோகும். மழையும் நிற்கும். புயல் போய்விட்டது என்று வெளியே வருவார்கள். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பி அடிக்கும். முதல் பாதியில் ஒருபக்கம் தளர்ந்த கூரையை இரண்டாம் பாதி மறுபக்கத்திலிருந்து பிடுங்கும். சாய்ந்து நின்ற மரங்களும் கம்பங்களும் அப்போது விழும். ஓய்வைக் கண்டு வெளியே வரக் கூடாது என்பதைக் கடலோரக் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

5. சுமை இறங்கும் பாதை

கூரையின் மேல் விழும் காற்றுச் சுமை கடைசியில் மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். ஷீட்டிலிருந்து குறுக்குச் சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து கைமரத்துக்கு, கைமரத்திலிருந்து சுவரின் தலைப்புக்கு அல்லது தூணுக்கு, அங்கிருந்து அடித்தளத்துக்கு. இந்தப் பாதையில் எங்கே பிடிப்பு மிகக் குறைவோ அங்கே விட்டுப்போகும். மற்ற இடங்கள் எவ்வளவு வலுவாக இருந்தும் பயன் இல்லை. நம் வீட்டு வகைகள் ஒவ்வொன்றிலும் அந்த இடம் எது என்று பார்ப்போம்.

கீற்றுக் கூரை வீட்டில் முதலில் பறப்பது கீற்று. வாரையோடு கட்டிய கயிறு வெயிலில் மக்கிப் போயிருக்கும். கீற்றின் மேலே கயிற்றைக் குறுக்கும் மறுக்குமாக, ஒன்றரை அடிக்கு மேல் இடைவெளி விடாமல் இறுக்கிக் கட்ட வேண்டும் என்று ஐ.எஸ். 15498 சொல்கிறது. தாழ்ந்த வீடுகளின் புயல் தாங்கும் திறனை மேம்படுத்துவதற்காகவே 2004இல் வந்த நியமம் அது. கடலோரத்தில் மீனவர்கள் பழைய வலையைக் கூரைமேல் போர்த்தி நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுவது இதே அறிவின் இன்னொரு வடிவம். கீற்று நின்றுவிட்டால் அடுத்த பலவீனம் தூணின் அடி. மண்ணுக்குள் இருக்கும் பகுதி கரையான் அரித்தோ ஈரத்தில் உளுத்தோ போயிருக்கும். தூணின் அடியில் தார் பூசி, குறுக்கே கட்டை அடித்துப் புதைக்க வேண்டும். மூலைகளில் சாய்வுக் கட்டை கொடுத்தால் வீடு ஒருபக்கமாகச் சரியாது.

ஓட்டு வீட்டில் நடுவில் உள்ள ஓடுகள் ஒன்றன் எடையில் ஒன்று நிற்கும். இறவாணம், முகடு, மூலை ஆகிய இடங்களில் உள்ளவைதான் முதலில் எழும்பும். அங்கே ஓடுகளைக் கம்பியால் சட்டத்தோடு கட்டி, இடையிடையே சிமெண்ட் கலவையால் பட்டை பிடிக்க வேண்டும்.

ஷீட் வீட்டில் குற்றவாளி பெரும்பாலும் கொக்கிபோல் வளைந்த ஜே போல்ட். காற்று இழுக்கும்போது அதன் வளைவு நிமிர்ந்துகொண்டு சட்டத்திலிருந்து கழன்றுவிடும். சட்டத்தை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் யு போல்ட் அப்படி விடாது. அகலமான வாஷர் போடாவிட்டால் போல்ட் தன் இடத்திலேயே நிற்க, ஷீட் மட்டும் கிழிந்துகொண்டு பறக்கும். ஷீட்டும் சட்டமும் ஒன்றையொன்று விடாமல் பிடித்தால் அடுத்த இடம் சுவரின் தலைப்பு. இரும்புக் குழாயைச் சுவரின் மேல் வெறுமனே வைத்துச் செங்கல்லால் அடைத்துவிடுவதைப் பல ஊர்களில் கண்டேன். அந்தக் கூரை சட்டத்தோடு சேர்ந்தே பறக்கும். சுவரின் உச்சியில் சுற்றிலும் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை போட்டு, கைமரத்தை அதற்குள் பதித்த போல்ட்டால் இறுக்க வேண்டும்.

அரைக்கல் சுவர், மண்சாந்துச் சுவர், நீளமாக இடைத் தாங்கல் இல்லாமல் போகும் சுவர், முக்கோண முகட்டுச் சுவர் இவையெல்லாம் காற்றின் தள்ளலுக்கு விழக்கூடியவை. திண்ணைக் கூரையையும் வீட்டுக் கூரையையும் ஒரே சட்டத்தில் நீட்டிவிடாமல் பிரித்துக் கட்டுவது நல்லது. திண்ணையின் அடியில் காற்று புகுந்து தூக்கும்போது அது மட்டும் போகும், வீட்டுக் கூரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகாது.

6. உலகம் கற்ற பாடம்

1974 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள் அதிகாலையில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தை டிரேசி புயல் தாக்கியது. விமான நிலையத்தில் இருந்த காற்றுமானி மணிக்கு 217 கி.மீ. வீச்சைப் பதிவு செய்துவிட்டுச் செயலிழந்தது. நகரத்து வீடுகளில் பெரும்பகுதி அழிந்தது. மக்களில் பெரும்பாலோரை விமானத்தில் வேறு நகரங்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

அதன் பிறகு ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் வாக்கர் என்ற பொறியாளர் அந்த இடிபாடுகளை ஆராய்ந்தார். எத்தனை வீடு போயிற்று என்பதோடு அவர் நிற்கவில்லை. எந்த இணைப்பு முதலில் விட்டது, ஏன் விட்டது என்று பார்த்தார். பொறியியல் கணக்குப் போட்டுக் கட்டிய கட்டடங்கள் ஓரளவு நின்றன. கணக்கில்லாமல் வழக்கப்படி கட்டிய வீடுகளே அதிகம் போயின. தகரக் கூரையில் திருகாணியைச் சுற்றி உலோகம் களைத்துப்போய் விரிசல் விட்டிருந்தது. காற்று ஒரே சீராக இழுப்பதில்லை. விட்டுவிட்டு, மணிக்கணக்கில், ஆயிரக்கணக்கான முறை இழுக்கிறது. ஒருமுறை இழுத்தால் தாங்கும் தகரம் ஆயிரம் முறை இழுத்தால் அந்த ஆணியைச் சுற்றிக் கிழிகிறது. வீட்டுக் கூரையை அப்படி மீண்டும் மீண்டும் இழுத்துச் சோதிப்பது அதுவரை வழக்கத்தில் இல்லை. அந்தக் கண்டுபிடிப்பின் விளைவாகச் சோதனை முறை மாறியது, கட்டட விதிகள் மாறின, 1977இல் டவுன்ஸ்வில்லில் புயல் சோதனை நிலையம் ஒன்று உருவானது.

1992 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடாவை ஆண்ட்ரூ புயல் தாக்கியபோதும் இதே கதை. கூரைப் பலகைகளைச் சட்டத்தோடு சரியாக ஆணியடிக்காமல் விட்டதும், காற்று உள்ளே புகும்படி கார் நிறுத்தக் கதவுகளும் சன்னல்களும் உடைந்ததும் பேரழிவுக்குப் பெருங்காரணங்கள் என்று கண்டார்கள். மயாமி-டேட் பகுதியில் சன்னலும் கதவும் புதிய சோதனைக்கு உட்பட்டன. நான்கு கிலோவுக்குச் சற்று அதிகமான மரக்கட்டையை வினாடிக்கு 50 அடி வேகத்தில் அதன்மேல் எறிவார்கள். உடைந்து வழி விடக் கூடாது. 2002இல் மாநிலம் முழுமைக்கும் ஒரே கட்டட விதி நடைமுறைக்கு வந்தது.

அவை செல்வ நாடுகள், நமக்கு அந்த வசதி இல்லையே என்று கேட்பீர்கள். அங்கே கண்டுபிடித்த தீர்வு விலையுயர்ந்த பொருள் எதுவும் அல்ல. சரியான ஆணி, சரியான திருகு, கைமரத்தைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டை. இவை நம் ஊர் வன்பொருள் கடையிலேயே கிடைப்பவை. அவர்களிடம் இருந்து நம்மிடம் இல்லாதது, விழுந்த வீட்டைப் படிக்கும் பழக்கம்தான்.

7. வீட்டுக்கு வெளியே இருந்து வரும் ஆபத்து

வீட்டை ஒழுங்காகக் கட்டினாலும் சுற்றுப்புறம் விடுவதில்லை. தென்னைக்கு ஆணிவேர் இல்லை. சல்லிவேர்களின் பிடிப்பில் நிற்கும் மரம் அது. மழையில் மண் இளகியதும், உச்சியில் மட்டையும் குலையுமாகக் காற்றைப் பிடித்துக்கொண்டு சாய்கிறது. வீட்டோரத் தென்னையில் புயலுக்கு முன்னரே காய்களையும் முற்றிய மட்டைகளையும் இறக்கிவிட்டால் அதன்மேல் விழும் சுமை குறையும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் கார்களின் மேலும் சுவர்களின் மேலும் மின்கம்பிகளின் மேலும் விழுந்ததைப் பார்த்தோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி வட்டாரத்து முந்திரி, பலாத் தோப்புகளை வீழ்த்தியது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி கன்னியாகுமரி மாவட்டத்தின் ரப்பரையும் வாழையையும் முறித்தது. தோப்பும் சொத்துதான். அதற்கான பாதுகாப்பு தனி உரைக்குரிய பொருள்.

பறக்கும் பொருள்கள் இன்னொரு ஆபத்து. ஒரு வீட்டிலிருந்து கிளம்பிய தகரம் அடுத்த வீட்டின் சன்னலை உடைத்தால், அந்த வீட்டுக்குள் காற்று புகுந்து அதன் கூரையும் போகிறது. ஒரு வீட்டின் தளர்ந்த போல்ட் தெரு முழுவதற்கும் ஆபத்து. எச்சரிக்கை வந்தவுடன் மாடியில் கிடக்கும் பழைய தகரம், பலகை, காலித் தொட்டி எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் கடமை. மாடித் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வையுங்கள். நிறைந்த தொட்டி எளிதில் உருளாது. புயலுக்குப் பின் மின்சாரம் இல்லாத நாள்களில் அந்தத் தண்ணீர் உதவும்.

8. நாம் செய்ய வேண்டியவை

இந்த மேடையின் வழியாக நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, சேதக் கணக்கெடுப்பு. புயல் முடிந்ததும் கிராம நிர்வாக அலுவலர் வந்து முழுச் சேதம், பகுதிச் சேதம் என்று எழுதிக்கொண்டு போகிறார். நிவாரணத்துக்கு அது தேவை. அதே படிவத்தில் இன்னும் ஒரு பத்தி சேர்க்க வேண்டும்: எங்கே விட்டுப்போனது? கீற்றா, போல்ட்டா, சுவர்த் தலைப்பா, தூணடியா, கதவா? இந்த ஒரு கேள்விக்கு ஒரு மாவட்டம் முழுவதும் பதில் கிடைத்துவிட்டால், அடுத்த புயலுக்கு முன் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அரசுக்கும் பொறியாளர்களுக்கும் தெரிந்துவிடும். இந்தப் பணிக்குப் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மாணவர்களை அனுப்பலாம். அவர்களுக்கு அது எந்தப் பாடப்புத்தகமும் தராத கல்வி.

இரண்டாவது, நிவாரணப் பொருள். புயலுக்குப் பின் அரசும் தொண்டு நிறுவனங்களும் தார்ப்பாயும் ஷீட்டும் கொடுக்கின்றன. அவற்றின் கூடவே போதுமான யு போல்ட், வாஷர், கட்டும் பட்டை, நல்ல கயிறு ஆகியவற்றையும், எப்படிப் போட வேண்டும் என்று படம் வரைந்த ஒரு தாளையும் கொடுக்க வேண்டும். பிணைப்பு இல்லாமல் கொடுக்கும் ஷீட் அடுத்த புயலில் பறப்பதற்குக் கொடுக்கும் ஷீட்.

மூன்றாவது, கைத்தொழிலாளர் பயிற்சி. வீடு கட்டுகிறவர் கொத்தனாரும் தச்சரும் வெல்டரும். நியமத்தை எழுதுகிறவர்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் பாலம் இல்லை. சென்னைத் தரமணியில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் செயற்கையாகக் காற்றை வீசவைத்துச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் இருக்கிறது, பல்லாண்டு ஆராய்ச்சி அறிவு இருக்கிறது. அந்த அறிவு நல்ல தமிழில், படங்களோடு, கடலோர வட்டங்களுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு மாதிரிக் கூரையை அமைத்து, தவறான இணைப்பையும் சரியான இணைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் காட்ட வேண்டும். பயிற்சிக்கு வரும் நாள்களுக்குக் கூலி கொடுத்தே அழைக்க வேண்டும். கூலியை விட்டுவிட்டு வரும்படி அவர்களைக் கேட்க நமக்கு உரிமை இல்லை.

நான்காவது, ஒவ்வொரு வீட்டாரின் பொறுப்பு. வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே, கூரையை ஒருமுறை ஏறிப் பாருங்கள். துருப்பிடித்த போல்ட்டை மாற்றுங்கள். மக்கிய கயிற்றை மாற்றுங்கள். விளிம்பிலும் மூலையிலும் கூடுதலாகப் பிணையுங்கள். தாழ்ப்பாளைச் சோதியுங்கள். பத்திரங்களையும் சான்றிதழ்களையும் தண்ணீர் புகாத உறையில் இட்டு ஒரே இடத்தில் வையுங்கள். வசதி உள்ளவர்கள் வீட்டுக் காப்பீடு எடுங்கள். 2021 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு புயல் சேதத்தையும் ஏற்கிறது.

மாணவர்களே, உங்களில் பலர் நாளை உயர்ந்த கோபுரங்களையும் நீண்ட பாலங்களையும் வடிவமைப்பீர்கள். அவற்றுக்குக் காற்றுச் சுரங்கச் சோதனை உண்டு, கணினி ஆய்வு உண்டு, நிபுணர் குழு உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூரைக்கு யாரும் இல்லை. அந்தக் கூரைக்கும் பொறியியல் வேண்டும். கோபுரத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் சிறு பங்கை அதற்குக் கொடுத்தால், அடுத்த புயலில் முகாமிலிருந்து திரும்பும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் போய்ச்சேர ஒரு வீடு இருக்கும். வங்கக் கடலில் புயல்கள் இனியும் தோன்றும், அதைத் தடுக்க நம்மால் ஆகாது. கூரையைச் சுவரோடும் சுவரை மண்ணோடும் பிணைக்க நம்மால் ஆகும். ஆகக்கூடியதைச் செய்யாமல் விட்டுவிட்டு நாம் விதியைக் குறை சொல்லக் கூடாது.